ஞாயிற்றுக்கிழமைக் கேன்: சிறுநீரகக் கல்லும் ஒருநாள் மூத்திரப் பரிசோதனையும்

எங்கள் கடற்கரை ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை யாரும் தொழிலுக்குப் போவதில்லை. வள்ளங்கள் மணலில் ஏறிக் கிடக்கும். காலையில் பூசை, மதியம் இறைச்சிக் குழம்பு, சாயங்காலம் வரை தென்னை நிழலில் பேச்சு. கல்லடைப்புக்காக ஒருநாள் முழுக்க மூத்திரத்தைப் பிடித்துக் கொண்டுவரச் சொன்னபோது, அத்தான் தேர்ந்தெடுத்தது இப்படியொரு ஞாயிற்றுக்கிழமையைத்தான். அதில் அவரைக் குற்றம் சொல்ல முடியாது. விடியற்காலை மூன்று மணிக்குக் கடலுக்குப் போகிறவர் வள்ளத்தில் எங்கே கேனை வைத்துக்கொண்டு பிடிப்பார்?

ரிப்போர்ட் வந்தது. பார்த்தால் நல்ல ரிப்போர்ட். நாகர்கோவிலில் டாக்டரம்மா அதைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"இது எந்தக் கிழமை பிடிச்சது?"

"ஞாயித்துக்கிழமை."

"ஞாயித்துக்கிழமை கடலுக்குப் போவீங்களா?"

"எங்க போக? பூசைக்கில்லா போணும்."

"அப்ப இது பூசைக்குப் போன ஆளுக்க மூத்திரம். கல்லு வச்சிருக்கது கடலுக்குப் போற ஆளு. அவருக்க மூத்திரத்தக் கொண்டு வாங்க."

அத்தானுக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை, ஏனென்றால் அவரை ஞாயிற்றுக்கிழமை பிடிக்கச் சொன்னதே நான்தான்.

சிறுநீரகக் கல் என்றால் நம் ஊரில் பேச்செல்லாம் கல்லைப் பற்றியதாகவே இருக்கும். எத்தனை மில்லிமீட்டர், எந்தப் பக்கம், லேசர் வைத்து உடைத்தார்களா, தானாக விழுந்ததா. கல் போனதும் கதை முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் கல் என்பது விளைந்த காய், மரம் உள்ளேதான் நிற்கிறது. ஒரு முறை கல் வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஐந்து முதல் பத்து ஆண்டுகளுக்குள் மறுபடி வருகிறது. ஏன் வந்தது என்ற கேள்விக்கு ஸ்கேன் பதில் சொல்லாது. ஸ்கேன் காட்டுவது கல் இருக்கும் இடத்தையும் அளவையும் மட்டும். காரணத்தைச் சொல்லக்கூடியவை முக்கியமாக இரண்டு: விழுந்த கல், அடுத்தது ஒருநாள் மூத்திரம்.

அத்தானுக்கு முதல் கல் வந்தபோது குழாய் விட்டு லேசரில் உடைத்தார்கள். சில வாரங்கள் உள்ளே ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயை வைத்திருந்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு அச்சடித்த தாள் கொடுத்தார்கள். தக்காளி கூடாது, கீரை கூடாது, பால் கூடாது, முந்திரி கூடாது, மீன் குறைக்கணும், தண்ணீர் நிறையக் குடிக்கணும். எல்லா நோயாளிக்கும் அதே தாள். உடைத்த துண்டுகளை என்ன செய்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. அக்கா அந்தத் தாளை ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்து மூன்று வருடம் தக்காளியை வீட்டுக்குள் விடவில்லை. நான்காம் வருடம் அதே இடுப்பு, அதே வலி.

இரண்டாவது கல் சின்னது, தானாகவே இறங்கிவிட்டது. ஐந்து மில்லிமீட்டருக்குள் இருக்கும் கற்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு இப்படித் தாமாகவே வந்துவிடும். வாழைத்தண்டுச் சாறும் கல்லுருக்கிக் கஷாயமும் பெயர் வாங்கியதில் இந்தக் கணக்குக்கு ஒரு பங்கு உண்டு என்பது என் அபிப்பிராயம். சாறு குடித்த வாரத்தில் கல் விழுந்தால் பெயர் சாற்றுக்குத்தான் போகும். இந்த முறை அக்கா சாயா வடிகட்டியைக் கொடுத்துவிட்டாள். அத்தான் அதன் வழியாகவே மூத்திரம் போய், மிளகில் பாதி அளவுக்குப் பழுப்பாக ஒன்றைப் பிடித்தார். அகச்சிவப்புக் கதிர் கொண்டு கல்லின் சேர்மானத்தைக் கண்டுபிடிக்கும் பரிசோதனைக்கு அது போயிற்று. பெரும்பகுதி கால்சியம் ஆக்சலேட், அதாவது கால்சியமும் காய்கிழங்குகளிலிருந்து வரும் ஆக்சலேட்டும் சேர்ந்து படிந்தது. உலகத்தில் பெரும்பாலானவர்களுக்கு வருவதும் இந்த வகைதான்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஆஸ்பத்திரியில் சின்ன டப்பாவில் பிடித்துக் கொடுப்பது வேறு பரிசோதனை. அதில் சீழ் அணு, இரத்த அணு, கிருமி இருக்கிறதா என்று பார்க்கலாம். மைக்ரோஸ்கோப்பில் சில படிகங்களும் தெரியும். ஒரு வகைக் கால்சியம் ஆக்சலேட் தபால் உறையின் பின்பக்கம் போலக் குறுக்குக் கோடுகளோடு இருக்கும். சிஸ்டின் அறுகோணமாக இருக்கும். அதைக் கண்டால் விஷயம் பரம்பரைக்குப் போகிறது. ஆனால் டப்பாவில் இருப்பது ஒரு வேளையின் மூத்திரம். காலையில் கெட்டியாக இருக்கும், மதியம் சாம்பார் உப்போடு மாறும், ராத்திரி வேறு. ஒரு நாளில் உடம்பு மொத்தமாக எவ்வளவு கால்சியத்தை, எவ்வளவு உப்பை, எத்தனை லிட்டர் தண்ணீரில் கரைத்து வெளியே அனுப்புகிறது என்பதுதான் கல்லின் கணக்கு. அதற்கு நாள் முழுக்கச் சேர்த்தாக வேண்டும்.

சேர்க்கும் முறை சுலபம், ஆனால் தப்பாகப் போவதும் சுலபம். லேபில் கேனைக் கொடுத்த பெண் அத்தானிடம் சொன்னது இதுதான்: "காலைல எந்திரிச்சதும் போற மொத மூத்திரத்த வெளிய விட்டுருங்க. அந்த மணிய எழுதி வச்சுக்கோங்க. அதுக்கப்புறம் உள்ளது பூரா கேனுக்க உள்ள. மறுநாள் அதே மணிக்குப் போறதையும் சேத்துப் பிடிச்சா முடிஞ்சு. இடையில ஒரு சொட்டு விடப்பிடாது." முதல் மூத்திரத்தை ஏன் விடவேண்டும்? அது முந்தின ராத்திரியின் கணக்கு. கடைசி நாள் காலையின் மூத்திரம் இந்த ராத்திரியின் கணக்கு, அது வேண்டும். இதை மாற்றிச் செய்துவிட்டால் ஒரு ராத்திரி கூடும் அல்லது குறையும்.

சில கேன்களில் அடியில் கொஞ்சம் அமிலம் ஊற்றித் தருவார்கள். கால்சியமும் ஆக்சலேட்டும் அடியில் படியாமல் இருக்க அது தேவை. அந்தக் கேனில் நேராகப் போகக்கூடாது; கப்பில் பிடித்து மெல்ல ஊற்ற வேண்டும், தெறித்தால் தோல் வெந்துவிடும். அமிலம் போட்ட கேனில் யூரிக் அமிலத்தையும் காரத்தன்மையையும் சரியாக அளக்க முடியாது என்பதால் சில லேபுகள் இரண்டு கேன் கேட்பதுண்டு. வீட்டில் குளிர்ச்சியான இடத்தில் வைக்கவேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் வெளியே கிடந்தால் கிருமி பெருகி, கல்லைத் தடுக்கும் சிட்ரேட்டைத் தின்னும், காரத்தன்மையை ஏற்றிவிடும். "மீன் வைக்கிற ஃபிரிட்ஜுலயா இத வைப்பே?" என்று அக்கா ஒரே பிடி. கடைசியில் மீன் கொண்டுபோகும் பழைய தெர்மோகோல் பெட்டி ஒன்றில் ஐஸ் போட்டு, கேனை அதற்குள் நிற்கவைத்து, கக்கூஸ் வாசலில் வைத்தார்கள். எனக்குத் தெரிந்து இந்தப் பரிசோதனைக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

காய்ச்சல் அடிக்கும்போதோ, மூத்திரத்தில் கிருமி இருக்கும்போதோ, கல் விழுந்த கையோடோ இதைச் செய்வதில் பயனில்லை. குறைந்தது ஒரு மாதம், ஒன்றரை மாதம் போய் உடம்பு பழைய சாப்பாட்டுக்கும் பழைய வேலைக்கும் திரும்பியபின் செய்யவேண்டும். மாதவிலக்கு நாட்களில் பெண்கள் தள்ளிவைத்துக்கொள்ளலாம். வைட்டமின் சி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை டாக்டரிடம் சொல்லவேண்டும், அது உடம்பில் ஆக்சலேட்டாக மாறி வெளியேறும்.

லேபுக்காரர்கள் கேனைத் திறந்ததும் முதலில் நம்மைச் சந்தேகப்படுவார்கள். அதற்கு அவர்களிடம் ஒரு கருவி உண்டு, கிரியாட்டினின். தசையிலிருந்து வரும் இந்தக் கழிவு ஒரு ஆளுக்கு நாள்தோறும் ஏறக்குறைய ஒரே அளவில் வெளியேறும். ஆண்களுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்குச் சுமார் 18 முதல் 24 மில்லிகிராம், பெண்களுக்கு 15 முதல் 20. அத்தான் 68 கிலோ. அவர் கேனில் 1,224-க்கும் 1,632-க்கும் இடையில் இருக்கவேண்டும். 700 என்று வந்தால் பாதி மூத்திரம் கல்யாண வீட்டிலோ பஸ் ஸ்டாண்டிலோ போய்விட்டது என்று அர்த்தம். 2,500 வந்தால் ஒன்றரை நாள் பிடித்திருக்கிறார். அவருடையது 1,350, கேன் பொய் சொல்லவில்லை. ஆனால் டாக்டரம்மா கேட்டது வேறு உண்மையை. அதை எந்த ரசாயனமும் காட்டிக்கொடுக்காது.

இரண்டாவது கேனை அவர் ஒரு புதன்கிழமை பிடித்தார். கடலுக்கு இரண்டு லிட்டர் பாட்டில் ஒன்றைக் கொண்டுபோய், கரை வந்ததும் பெட்டிக்குள் இருந்த கேனில் ஊற்றினார். கூட வந்த பையன்கள் செய்த கேலி இங்கே வேண்டாம். இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே ஆள் என்று நம்ப முடியாது. ஞாயிறு: 2,300 மில்லிலிட்டர். புதன்: 940. கிரியாட்டினின் புதனன்று 1,380, ஆகவே ஒன்றும் சிந்தவில்லை. விடியலிலிருந்து வெயில் ஏறும்வரை வள்ளத்தில் அவர் குடித்தது ஒரு பிளாஸ்க் கட்டஞ்சாயா. தண்ணீர் கேன் இருந்தது, குடிக்கத் தோன்றவில்லை. வேர்வையாகப் போனது போக மிச்சம்தான் அந்த 940.

மற்ற எண்களுக்கெல்லாம் முன்னால் நிற்பது இந்த எண். அவருடைய ஆக்சலேட் இரண்டு நாளும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: ஞாயிறு 38 மில்லிகிராம், புதன் 39. தாளைப் பார்த்தால் இரண்டும் சரி, ஏனென்றால் 40, 45-க்கு மேல் போனால்தான் அதிகம் என்பார்கள். ஆனால் 38-ஐ 2.3 லிட்டரில் கரைத்தால் லிட்டருக்குப் பதினாறரை. 39-ஐ 940 மில்லிலிட்டரில் கரைத்தால் லிட்டருக்கு நாற்பத்தொன்றரை. இரண்டரை மடங்கு கெட்டி. புத்தளம் உப்பளத்தில் பாத்தி காய்வதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவேண்டாம். உப்பு கூடவில்லை, தண்ணீர்தான் குறைகிறது, ஒரு கட்டத்தில் பரல் விழுகிறது. இந்தக் கெட்டித்தன்மையைக் கணக்கிட்டு, மூத்திரம் கரைக்கக்கூடிய அளவைத் தாண்டி எவ்வளவு சுமக்கிறது என்று பெரிய லேபுகள் ஒரு எண்ணாகவே தருவதுண்டு.

தண்ணீருக்கு இருக்கும் ஆதாரம் மருந்துகளில் பலவற்றுக்கு இல்லை. இத்தாலியில் முதல் கல் வந்த 199 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினரை மட்டும் நாளுக்கு இரண்டு லிட்டருக்கு மேல் மூத்திரம் வரும்படி குடிக்கச் சொல்லி ஐந்து வருடம் பார்த்தார்கள். 1996-இல் முடிவு வெளியானது. குடித்தவர்களில் 12 சதவீதத்தினருக்கும், மற்றவர்களில் 27 சதவீதத்தினருக்கும் மறுபடி கல் வந்தது. அமெரிக்கச் சிறுநீரியல் சங்கத்தின் 2014 வழிகாட்டி சொல்லும் இலக்கு, நாளொன்றுக்குக் குறைந்தது இரண்டரை லிட்டர் மூத்திரம். கவனியுங்கள், குடிக்கும் அளவு அல்ல, போகும் அளவு. ஏசி அறையில் உட்கார்ந்திருப்பவருக்கு மூன்று லிட்டர் குடித்தால் அது வரலாம். குலசேகரத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவருக்கும், சூளையில் செங்கல் சுமக்கிறவருக்கும், தளம் போடுகிற கொத்தனாருக்கும் வராது. "தண்ணி நிறைய குடிங்க" என்ற அறிவுரை தோற்பது இந்த இடத்தில்தான். நிறைய என்பது எவ்வளவு என்று அவரவர் கேன்தான் சொல்லவேண்டும்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. ஜவுளிக் கடைகளில் நின்று வேலை செய்யும் பெண்கள். கடை ஊழியர்களுக்கு உட்கார இடம் தரவேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு சட்டத்தைத் திருத்தியது. நல்லது. ஆனால் கக்கூஸுக்கு எத்தனை முறை போகலாம் என்ற கவலையில் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் நிற்கும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். அவர்களும் விடுமுறை நாளில்தான் கேன் பிடிப்பார்கள்.

அத்தானின் புதன்கிழமைத் தாளில் அடுத்து கண்ணில் குத்தியது சோடியம், 231 மில்லிமோல். இந்த எண்ணை 58.5-ஆல் பெருக்கினால் உப்பு எத்தனை மில்லிகிராம் என்று வந்துவிடும். பதின்மூன்றரை கிராம். உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஐந்து கிராமுக்குள். இத்தனை உப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்டபோது அக்கா சண்டைக்கு வந்தாள், "நான் அளந்துதான் போடுகேன்." அவள் போட்டது உண்மையில் கொஞ்சம்தான். பழங்கஞ்சிக்குத் தொட்டுக்கொண்ட கருவாடு, மாங்காய் ஊறுகாய், பப்படம், கரையில் வாங்கித் தின்ற மிக்சர், பிறகு சாயங்காலம் கடையில் உப்புப் போட்டுக் குடித்த போஞ்சி என்ற எலுமிச்சைச் சாறு இரண்டு கிளாஸ். எலுமிச்சை கல்லுக்கு நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டுக் குடித்தது. எலுமிச்சை நல்லதுதான், அதில் போட்ட உப்பு அந்த நன்மையைத் தின்றுவிட்டது.

உப்புக்கும் கல்லுக்கும் என்ன சம்பந்தம்? சிறுநீரகம் சோடியத்தை வெளியே தள்ளும்போது கால்சியமும் கூடவே இழுபட்டுப் போகிறது. சுமார் 100 மில்லிமோல் சோடியம் கூடினால் 40 மில்லிகிராம் கால்சியம் கூடுதலாக மூத்திரத்தில் இறங்கும் என்பது தோராயக் கணக்கு. அத்தானின் கால்சியம் 286. ஆண்களுக்கு 250-க்குக் கீழே இருந்தால் நிம்மதி, 300 தாண்டினால் நிச்சயமாக அதிகம். மூத்திரத்தில் கால்சியம் அதிகம் என்றதும் சாதாரணமாக யாருக்கும் தோன்றுவது பாலை நிறுத்துவது. அச்சடித்த தாள் செய்ததும் அதைத்தான். அது தலைகீழ். 1993-இல் வெளியான ஆய்வொன்று 45,000-க்கும் மேற்பட்ட ஆண்களைப் பின்தொடர்ந்து, சாப்பாட்டில் கால்சியம் அதிகம் சேர்த்தவர்களுக்கே கல் குறைவு என்று காட்டியது. 2002-இல் இத்தாலிக்காரர்கள் இன்னும் நேராகவே சோதித்தார்கள். கல்லும் மூத்திரத்தில் அதிகக் கால்சியமும் உள்ள 120 ஆண்களில் பாதிப் பேருக்குக் கால்சியம் குறைந்த சாப்பாடு, மற்றவர்களுக்கு வழக்கமான கால்சியத்தோடு உப்பும் மாமிசமும் குறைந்த சாப்பாடு. ஐந்து வருடத்தில் முதல் கூட்டத்தில் 23 பேருக்கும் இரண்டாம் கூட்டத்தில் 12 பேருக்கும் கல் திரும்ப வந்தது.

காரணம் குடலுக்குள் இருக்கிறது. சாப்பாட்டோடு வரும் கால்சியம் ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்துக்கொண்டு மலத்தோடு போய்விடும். பிடிக்க ஆள் இல்லாவிட்டால் ஆக்சலேட் தனியாக இரத்தத்துக்கு ஏறி மூத்திரத்தில் இறங்கும். அங்கே கால்சியத்தைச் சந்தித்தால் கல். அதனால் இரண்டும் இலையிலேயே சந்திப்பது நல்லது. நெத்திலியை முள்ளோடு தின்பவர்கள் தெரியாமலே இதைச் செய்கிறார்கள். கட்டஞ்சாயாவைவிடப் பால் ஊற்றிய சாயா இந்த விஷயத்தில் மேல். சேனையோ சேம்போ மசித்தால் கூட ஒரு கரண்டி தயிர். சேம்பு அரியும்போது கை அரிக்கிறதே, அந்த அரிப்பில் பெரும்பங்கு கிழங்குக்குள் கட்டுக்கட்டாக நிற்கும் ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்களுடையது. கல்லின் சரக்கை விரலில் உணரவேண்டுமானால் அதுதான் இடம்.

தக்காளி இந்தப் பட்டியலில் கடைசியில்கூட வராது. அதன் விதை சிறுநீரகத்துக்குள் போய் உட்காரும் என்பது நம் ஊரின் அழியாத கற்பனை. விதை குடலோடு போகிறது, இரத்தத்துக்கு வருவதே இல்லை. உண்மையாகப் பயப்பட வேண்டியது கிணற்று மூட்டில் நிற்கும் பிலிம்பி மரத்தை. இரும்பன் புளி என்றும் சொல்வார்கள். மீன் குழம்பில் நாலு காய் போடுவதில் ஒன்றுமில்லை. கொழுப்பு குறையும் என்று அதைப் பிழிந்து கிளாஸ் கிளாஸாகக் குடித்த பத்துப் பேர் சிறுநீரகம் செயலிழந்து கேரளத்து ஆஸ்பத்திரிகளில் சேர்ந்ததை 2013-இல் மருத்துவ இதழொன்று பதிவு செய்தது. சிலருக்கு டயாலிசிஸ் வரை போனது. அத்தனையும் ஆக்சலேட் செய்த வேலை.

அவருடைய தாளில் கடைசியாகச் சிவப்பில் இருந்தது சிட்ரேட், 214 மில்லிகிராம். 320-க்குக் கீழே போனால் குறைவு. மற்றதெல்லாம் கூடினால் கேடு, இது குறைந்தால் கேடு. சிட்ரேட் மூத்திரத்தில் கால்சியத்தைத் தன் கையில் பிடித்துக்கொண்டு ஆக்சலேட்டோடு சேரவிடாது. காயும் பழமும் இதைக் கூட்டும், மீனும் இறைச்சியும் அளவு மீறினால் குறைக்கும். 2018-இல் எட்டுப் பேரை வைத்து நடந்த ஒரு சின்ன ஆய்வில் இளநீர் குடித்த நாட்களில் சிட்ரேட் கூடியது. எட்டுப் பேர் என்பது கையளவுதான், ஆனாலும் கருக்கு வெட்டிக் குடிக்கக் காரணம் தேடும் ஊருக்கு அது போதும். சிறுநீரகம் ஏற்கெனவே பழுதானவர்கள் மட்டும் பொட்டாசியத்தை நினைத்துக் கேட்டுக் குடிக்கவேண்டும். இவ்வளவு குறைவு என்றால் சாப்பாடு மட்டும் போதாமல் பொட்டாசியம் சிட்ரேட் மருந்து எழுதுவார்கள். அத்தானுக்கும் எழுதினார்கள்.

யூரிக் அமிலக் கல் தனிக் கதை. சாளையும் நெத்திலியும் பியூரின் நிறைந்தவை, அது உடைந்தால் யூரிக் அமிலம். ஆனால் அந்தக் கல்லுக்கு முதல் குற்றவாளி யூரிக் அமிலத்தின் அளவுகூட அல்ல, மூத்திரத்தின் புளிப்பு. பி.எச். அளவு 5.5-க்குக் கீழே இருந்தால் யூரிக் அமிலம் கரையாமல் படியும். சர்க்கரை நோயும் பருமனும் உள்ளவர்களுக்கு மூத்திரம் இப்படிப் புளிப்பாகவே இருப்பது வழக்கம். இதில் ஒரு நல்ல செய்தி உண்டு. பொட்டாசியம் சிட்ரேட் கொடுத்து பி.எச். அளவை ஆறரை வாக்கில் நிறுத்தினால் இந்தக் கல் மட்டும் கத்தியில்லாமல் கரைந்து போகும். வீட்டிலேயே காகிதப் பட்டையை நனைத்து நிறம் பார்த்துக்கொள்ளலாம். பி.எச். ஏழுக்கு மேல் போகவிட்டால் வேறு வகை, கால்சியம் பாஸ்பேட் கல் படியத் தொடங்கும். ஆகவே பி.எச். தெரியாமல் சிட்ரேட் மருந்தைக் கடையில் பாட்டில் பாட்டிலாக வாங்கிக் குடிப்பது இருட்டில் வலை வீசுவது. கிருமியால் வரும் மான்கொம்புக் கல்லுக்கு இந்தக் கேனைவிட, எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் முக்கியம். இரத்தத்தில் கால்சியம் ஏறியிருந்தால் கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பியைப் பார்க்கவேண்டும். அங்கேதான் கோளாறு என்றால் மூத்திரத்தை எத்தனை முறை சோதித்தும் பயனில்லை, சுரப்பியை எடுத்தால்தான் தீரும்.

கால்சியம் அதிகமாகப் போகிறவர்களுக்கு தயசைடு என்ற இரத்த அழுத்த மாத்திரையைக் கொடுக்கும் பழக்கம் பல பத்தாண்டுகளாக உண்டு. மூத்திரத்தில் கால்சியத்தை அது குறைக்கும். 2023-இல் சுவிட்சர்லாந்திலிருந்து வந்த ஆய்வு அந்த நம்பிக்கையை ஆட்டியது. கல் திரும்பத் திரும்ப வரும் 416 பேருக்கு ஹைட்ரோகுளோரோதயசைடை மூன்று அளவுகளில் கொடுத்து, வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டார்கள். சுமார் மூன்று வருடத்தில் கல் வருவதில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. இதைப் படித்துவிட்டு யாரும் சொந்தமாக மாத்திரையை நிறுத்தக்கூடாது, வேறு காரணத்துக்காகவும் எழுதியிருக்கலாம். ஆனால் உப்பைக் குறைக்காமல் மாத்திரையை மட்டும் நம்புவது ஓட்டை வள்ளத்தில் தண்ணீர் இறைப்பது.

இந்தப் பரிசோதனை எல்லோருக்கும் வேண்டுமா என்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே ஒரே பேச்சு இல்லை. தண்ணீரும் உப்பும் எப்படியும் எல்லோருக்கும் சொல்லப்போவதுதானே, எதற்குக் கேன் என்று ஒரு பக்கம். முதல் முறை சின்னதாக ஒரு கல் வந்து போன, வேறு நோயில்லாத ஆளுக்கு நானும் அதையே சொல்வேன். ஆனால் இரண்டாம் முறை வந்தவர்கள், ஒற்றைச் சிறுநீரகத்தோடு இருப்பவர்கள், கல் வந்த குழந்தைகள், குடலில் ஆப்பரேஷன் ஆனவர்கள், வீட்டில் பலருக்குக் கல் உள்ளவர்கள், இவர்களுக்கு ஒரே தாளை அடித்துக் கொடுப்பது அநியாயம். நாளுக்கு நாள் மாறும் என்பதால் ஒன்றுக்கு இரண்டு கேன் நல்லது. ஒன்று வேலை நாள், ஒன்று ஓய்வு நாள். கால்சியம், கிரியாட்டினின் போன்றவற்றை உள்ளூரிலேயே பார்ப்பார்கள். சிட்ரேட்டும் ஆக்சலேட்டும் பெரும்பாலும் வெளியூர்ப் பெரிய லேபுக்குப் போய் வரும். கேனைக் கொடுக்கும் முன்பே அவை பட்டியலில் உண்டா என்று கேட்டுவிடுங்கள். அவை இல்லாமல் வந்த ரிப்போர்ட்டைப் பார்த்திருக்கிறேன், முள் இல்லாத தராசு. கல் வலியோடு குளிரும் காய்ச்சலும் வந்தால் மட்டும் இது எதையும் யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். அடைபட்ட சிறுநீரகத்தில் கிருமி ஏறுவது உயிரோடு விளையாட்டு.

மருந்தோ சாப்பாடோ மாற்றியபின் ஆறு மாதத்துக்குள் மறுபடி ஒரு கேன், பிறகு வருடத்துக்கு ஒன்று என்பது முறை. அத்தான் ஆறாம் மாதம் பிடித்தார், இந்த முறையும் புதன்கிழமை. அதற்குள் ஃபிரிட்ஜிலிருந்த தாள் கிழிக்கப்பட்டு, தக்காளி வீட்டுக்குள் வந்திருந்தது. கருவாடு வாரம் ஒரு நாள் என்று ஆனது. போஞ்சிக்கு உப்பும் இல்லை, சர்க்கரையும் கொஞ்சம்தான். கடைக்காரர் அதைக் குடித்துப் பார்த்துவிட்டு இதற்குக் காசு வாங்க மனசு வரவில்லை என்றாராம்.

சோடியம் 231-லிருந்து 150-க்கு வந்திருந்தது. கால்சியம் 286-லிருந்து 250. சிட்ரேட் 330. ஆக்சலேட் 37 என்று கிட்டத்தட்ட அங்கேயேதான், ஆனால் லிட்டருக்குக் கணக்குப் போட்டால் இருபது, முன்பு இருந்ததில் பாதி. அளவு 1,850 மில்லிலிட்டர்.

"இன்னும் அறுநூறு, எழுநூறு வேணும்," என்றார் டாக்டரம்மா.

"குடிக்கலாம் டாக்டர். ஆனா வலை இழுக்கும்போ மூத்திரம் முட்டினா யாரு வலையப் பிடிப்பா?"

அதற்கு அவரிடம் பதில் இல்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, வலை போட்டுவிட்டுக் காத்திருக்கும் நேரம் எவ்வளவு என்று கேட்டார். ஒரு மணி நேரம், சில நாள் ஒன்றரை என்றார் அத்தான். வலையைப் போட்டதும் ஒரு பாட்டில், கரைக்குத் திரும்பும் வழியில் ஒரு பாட்டில் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். இப்போது வள்ளத்தின் எஞ்சின் பெட்டிக்குப் பக்கத்தில் கயிற்றால் கட்டிய இரண்டு பாட்டில்கள் தொங்குகின்றன. ஒன்றில் நீல மூடி, ஒன்றில் சிவப்பு. எது குடிக்க, எது பிடிக்க என்று பையன்களுக்கு அவர் இன்னும் சொல்லவில்லை. அதனால் இரண்டையும் யாரும் தொடுவதில்லை.